வோல்ட் முதல் டெசிபெல் வரை: புதிய ஹாம்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களாக விரும்பி, அதற்கான உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். வயதும் படிப்பும் வேறுபட்டாலும், மின்னணுப் பாகங்களையும் அலகுகளையும் பற்றி அவர்களுக்கு எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகளுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றும் எனக்குக் குழம்பிக்கொண்டே இருக்கின்றன. எளிமையாகச் சொல்ல முடியுமா?

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் தரும் அழுத்தத்தைப் போன்றது மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். ஒரு வினாடியில் குழாய் வழியே எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைப் போன்றது மின்னோட்டம்; அதன் அலகு ஆம்பியர். குழாயின் குறுகலும் உள்ளே படிந்த உப்பும் ஏற்படுத்தும் தடங்கலைப் போன்றது மின்தடை. அதன் அலகு ஓம். மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கிய தொகை என்ற விதியை ஜெர்மானிய அறிவியலாளர் கேயார்க் ஓம் 1827இல் வெளியிட்டார். 12 வோல்ட் பேட்டரியோடு 6 ஓம் மின்தடையை இணைத்தால் 2 ஆம்பியர் ஓடும். இந்த ஒரு கணக்கு கைவந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை கண்டுவிடலாம்.

இந்த உவமை ஓரிடத்தில் பொருந்தாது. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வழி இருந்தால்தான் மின்சாரம் ஓடும். சிவப்புக் கம்பியை நல்ல தடிமனில் வாங்கிவிட்டுக் கறுப்புக் கம்பிக்கு மெல்லியதைப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சிவப்பில் போகும் ஒவ்வொரு ஆம்பியரும் கறுப்பு வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

பவர் சப்ளையில் 20 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. என் கருவி 2 ஆம்பியர்தான் எடுக்கும். இணைத்தால் எரிந்துவிடாதா?

எரியாது. அந்த 20 என்பது பவர் சப்ளை அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவு. எவ்வளவு எடுப்பது என்பதைக் கருவிதான் தீர்மானிக்கிறது. வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் செல்பேசி சார்ஜரைச் செருகினால் சார்ஜர் எரிவதில்லை அல்லவா? பொருந்தியே ஆக வேண்டியவை வோல்ட்டும் நேர், எதிர் முனைகளும்தான்.

ஆபத்து வேறொரு வழியில் வரும். கருவிக்குள் எங்காவது ஷார்ட் ஆனால் அந்த 20 ஆம்பியரும் மெல்லிய கம்பி வழியே பாய்ந்து அதை உருக்கிவிடும். ஆகவே பவர் சப்ளைக்கு ஏற்றதை அல்ல, கருவிக்கும் கம்பிக்கும் ஏற்ற ஃபியூஸைப் போடுங்கள்.

எல்லா ஹாம் கருவிகளிலும் 13.8 வோல்ட் என்று ஏன் எழுதியிருக்கிறது? 12 என்றே வைத்திருக்கக் கூடாதா?

இந்தக் கருவிகள் வண்டியில் வைத்து இயக்குவதற்கும் ஏற்றபடி வடிவமைக்கப்பட்டவை. கார் பேட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. சார்ஜில் நிலையாக வைத்திருக்கும்போது ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2.3 வோல்ட் இருக்கும். ஆறு முறை 2.3 என்பது 13.8.

பல கருவிகள் இதற்கு மேலும் கீழும் 15 சதவீதம் வரை தாங்கும். ஆனால் கம்பியில் ஏற்படும் இழப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். போக வர மொத்தம் 0.1 ஓம் மின்தடை உள்ள கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். கருவிக்குக் கிடைப்பது 11.8 மட்டுமே. கேட்கும்போது நன்றாக இருந்து, பேசப் பொத்தானை அழுத்தியதும் அணைந்துவிடும் கருவிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தக் கம்பியைத்தான்.

100 வாட் கருவி என்றுதானே வாங்கினேன்? அது ஏன் 20 ஆம்பியர் கேட்கிறது?

மின்திறனின் அலகு வாட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் அது கிடைக்கும். 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்றால் 276 வாட். அதில் ஆண்டெனாவுக்குப் போவது 100. மிச்சம் 176 வாட் வெப்பமாகிறது. ஏழு 25 வாட் சால்டரிங் அயர்ன்களை ஒரே பெட்டிக்குள் வைத்ததற்கு அது சமம். கருவியின் பின்புறமுள்ள அலுமினியத் தகடுகளையும் விசிறியையும் துணியோ சுவரோ அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மில்லி, மைக்ரோ, நானோ, பிக்கோ எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

ஆயிரம் என்ற ஒரே எண் போதும். 1000 பிக்கோ ஒரு நானோ. 1000 நானோ ஒரு மைக்ரோ. 1000 மைக்ரோ ஒரு மில்லி. 1000 மில்லி சேர்ந்தால் முழு அலகு. மேலே போனால் ஆயிரம் என்பது கிலோ, பத்து லட்சம் என்பது மெகா. ஆகவே 7.1 மெகாஹெர்ட்ஸும் 7100 கிலோஹெர்ட்ஸும் ஒன்றே. ஹெர்ட்ஸ் என்பது ஒரு வினாடிக்கு எத்தனை அலைகள் என்பதைக் குறிக்கும். மெகாஹெர்ட்ஸால் 300ஐ வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 7.1க்கு அது ஏறத்தாழ 42 மீட்டர். இதை ஒட்டிய அதிர்வெண்களின் தொகுதியைத்தான் 40 மீட்டர் பட்டை என்கிறோம்.

கடையில் தடுமாற வைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்டென்சர் எனப்படும் மின்தேக்கிகளின் மேல் எம்எஃப்டி என்று அச்சிட்டிருந்தால் அது மைக்ரோஃபாரட், மில்லிஃபாரட் அல்ல. இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு.

ரெசிஸ்டரின் நிற வளையங்களை எப்படிப் படிப்பது? 5 கிலோ ஓம் கேட்டால் கடைக்காரர் ஏன் 4.7 தருகிறார்?

ரெசிஸ்டர் என்பது மின்தடை தரும் பாகம். அதன் நிறங்கள் குறிக்கும் எண்கள்: கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு வளைய ரெசிஸ்டரில் முதல் இரண்டும் எண்கள். மூன்றாவது எத்தனை சுழியங்கள் சேர்க்க வேண்டும் என்பது. நான்காவது எத்தனை சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பது. மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்றால் 4700 ஓம், 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். வெள்ளி வளையம் என்றால் 10 சதவீதம்.

இந்தச் சதவீதத்தில்தான் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. 10 சதவீதத் துல்லியத்தில் செய்தால் 3.9 என்று குறித்தது 4.29 வரை இருக்கலாம், 4.7 என்று குறித்தது 4.23 முதல் 5.17 வரை இருக்கலாம், 5.6 என்பது 5.04இல் தொடங்கும். இப்படி ஒன்றின் எல்லை அடுத்ததை ஏறத்தாழத் தொடும்படி 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற பன்னிரண்டு மதிப்புகளை வகுத்துவிட்டால் இடையில் உள்ள எதற்கும் தனியாக ஒன்று தேவைப்படாது. வானொலிச் சுற்றுகளில் பெரும்பாலான இடங்களில் 5க்குப் பதில் 4.7 போட்டால் எந்தக் குறையும் நேராது. சமையலறை விளக்கொளியில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் பொருத்துமுன் மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்துவிடுங்கள். பொருத்தியபின் அளந்தால் சுற்றின் பிற பாகங்களும் சேர்ந்து காட்டும்.

கால் வாட், அரை வாட், 2 வாட் என்று ரெசிஸ்டர்கள் இருக்கின்றனவே, எதை வாங்குவது?

கணக்குப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். 13.8 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடியை எரிய விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 11.8. அதில் 10 மில்லிஆம்பியர் ஓட 1180 ஓம் வேண்டும். மேலே சொன்ன வரிசையில் அருகில் இருப்பது 1.2 கிலோ ஓம். அது வெளியிடும் வெப்பம் 0.12 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. கணக்கில் வருவதைப் போல் இரண்டு மடங்காவது தாங்கக்கூடியதைப் போடுவது நல்ல பழக்கம்; ஆகவே இங்கே கால் வாட் போதும்.

ஆண்டெனா இல்லாமல் கருவியைச் சோதிக்க உதவும் டம்மி லோடையும் இதே அறிவைக் கொண்டு செய்யலாம். 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர்கள் இருபதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மின்தடை 50 ஓம் ஆகும். மொத்தம் 40 வாட் தாங்கும். கார்பன் ஃபிலிம் அல்லது மெட்டல் ஆக்சைடு வகையை வாங்குங்கள். கம்பி சுற்றிய ரெசிஸ்டர்களை வாங்காதீர்கள். அவை உண்மையில் கம்பிச்சுருள்கள். அது ஏன் கெடுதல் என்பது சுருளைப் பற்றிய விடையில் விளங்கும்.

கண்டென்சர், கெப்பாசிட்டர், மின்தேக்கி மூன்றும் ஒன்றா? 104 என்று எழுதியிருந்தால் என்ன பொருள்?

மூன்றும் ஒன்றே. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது எலக்ட்ரீசியன் மாற்றும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரும், உங்கள் வானொலியில் இருக்கும் மிளகளவு மின்தேக்கியும் ஒரே குடும்பம். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பொருளை வைத்து மின்னூட்டத்தைத் தேக்குவதே அதன் வேலை. அலகு ஃபாரட், அது மிகப் பெரியது என்பதால் நாம் பிக்கோவிலும் மைக்ரோவிலும் புழங்குகிறோம்.

மூன்று இலக்கக் குறியீட்டை நிற வளையங்களைப் போலவே படிக்கலாம்: இரண்டு எண்கள், பிறகு சுழியங்களின் எண்ணிக்கை, விடை பிக்கோஃபாரடில். 104 என்பது 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 100 நானோ, அதாவது 0.1 மைக்ரோ. 103 என்றால் 0.01 மைக்ரோ. வெறுமனே 22 என்று இருந்தால் 22 பிக்கோ. சென்னை ரிச்சி தெருவில் 100 நானோ என்று கேட்டு விழித்து நிற்பதைவிட, ‘பாயிண்ட் ஒன்’ என்றோ 104 என்றோ கேட்டால் உடனே கிடைத்துவிடும்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரைத் திருப்பிப் போட்டுவிட்டேன், வெடித்துவிட்டது. ஏன்?

அதன் உள்ளே உள்ள மெல்லிய ஆக்சைடு படலம் ஒரு திசை மின்னழுத்தத்தை மட்டுமே தாங்கும். திருப்பிக் கொடுத்தால் படலம் சிதையும், மின்னோட்டம் பாயும், உள்ளே இருக்கும் திரவம் கொதித்து வாயுவாகி உறையைப் பிளக்கும். உடலில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. புதிய பாகத்தில் நீளமான கால் நேர்முனை. 13.8 வோல்ட் சுற்றுக்கு 16 வோல்ட் கண்டென்சர் கணக்குப்படி சரி என்றாலும் நான் 25 வோல்ட்டே போடுவேன். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது முகத்தைச் சுற்றின் நேர்மேலே வைக்காதீர்கள்.

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் உள்ள பெரிய கண்டென்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிர்பறிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கும். அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் அவற்றைத் திறக்க வேண்டாம்.

கண்டென்சருக்குள் இணைப்பே இல்லையே. மின்சாரம் எப்படி அதன் வழியே போகிறது?

பேட்டரி தருவதைப் போல ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம் போகாது. மாறுதிசை மின்னோட்டத்தில் ஒரு தகடு நிரம்பும்போது மறு தகடு காலியாகிறது. அடுத்த நொடிப்பகுதியில் அது மாறுகிறது. மின்துகள் எதுவும் இடைவெளியைக் கடப்பதில்லை, ஆனால் இரு பக்கக் கம்பிகளிலும் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஓடுகிறது. எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு எளிதாக ஓடும். இந்தத் தடங்கலுக்கு மின்மறுப்பு என்று பெயர், அலகு ஓம்தான். அதிர்வெண்ணையும் மின்தேக்குத்திறனையும் 6.28ஐயும் பெருக்கி, வந்ததால் 1ஐ வகுத்தால் அது கிடைக்கும்.

முன்பு சொன்ன 104 கண்டென்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்கு அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 31,800 ஓம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 0.23 ஓம். ஒரே பாகம் ஒன்றுக்குச் சுவராகவும் மற்றொன்றுக்குத் திறந்த வாசலாகவும் நிற்கிறது. வானொலி மின்னணுவியல் முழுவதும் இந்த ஒரு செய்தியில் தங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். எந்தப் பாகத்தைப் பார்த்தாலும் ‘எந்த அதிர்வெண்ணில்?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் சுற்றுப்படங்கள் தாமே பேசத் தொடங்கும்.

காயில் என்பது வெறும் கம்பிதானே? அதற்கு எதற்குத் தனிப் பெயரும் அலகும்?

கம்பியைச் சுருளாகச் சுற்றினால் அதன் காந்தப்புலம் ஒன்றுசேர்ந்து, மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கத் தொடங்கும். அதுதான் மின்தூண்டி, அலகு ஹென்றி. இது கண்டென்சருக்கு நேர்மாறானது: அதிர்வெண் கூடக் கூட மின்மறுப்பும் கூடும். 10 மைக்ரோஹென்றி காயில் வீட்டு மின்சாரத்துக்கு வெறும் கம்பியாகத்தான் இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 440 ஓம் ஆகும். கம்பி சுற்றிய ரெசிஸ்டரை டம்மி லோடில் போடக் கூடாது என்றது இதனால்தான். மல்டிமீட்டரில் 50 ஓம் காட்டும், கருவிக்கோ வேறொன்றாகத் தெரியும்.

புதியவர்கள் பலர் காயிலைக் கண்டு அஞ்சுகிறார்கள். அது கடையில் ஆயத்தமாகக் கிடைக்காமல் கையால் சுற்ற வேண்டியதாக இருப்பதே காரணம். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், எளிதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே செய்யும்படி பிட்எக்ஸ் என்ற கருவியை வடிவமைத்தபோது, தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரின் மேல் காயிலைச் சுற்றினார். உலகெங்கும் ஹாம்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். டோராய்டு வளையத்தில் சுற்றும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கம்பி வளையத்தின் நடுவே எத்தனை முறை நுழைகிறதோ அத்தனை சுற்று.

ஆயிரம் நிலையங்கள் காற்றில் இருக்கும்போது, வானொலி ஒன்றை மட்டும் எப்படிப் பிரித்தெடுக்கிறது?

மேலே உள்ள இரண்டு விடைகளையும் சேர்த்துப் பாருங்கள். அதிர்வெண் ஏறினால் கண்டென்சரின் மின்மறுப்பு இறங்குகிறது, காயிலுடையது ஏறுகிறது. அப்படியானால் எங்கோ ஓர் அதிர்வெண்ணில் இரண்டும் சமமாகியே தீர வேண்டும். அதுவே ஒத்ததிர்வு. 5 மைக்ரோஹென்றி காயிலையும் 100 பிக்கோஃபாரட் கண்டென்சரையும் இணைத்தால் ஏறத்தாழ 7.12 மெகாஹெர்ட்ஸில் இரண்டுக்கும் 224 ஓம் வரும். அது 40 மீட்டர் பட்டைக்குள் இருக்கிறது. அந்த அதிர்வெண்ணுக்குச் சுற்று ஊஞ்சலைப் போல இசைந்து ஆடும், மற்றவற்றுக்கு அசைந்துகொடுக்காது. பழைய வானொலிகளின் குமிழைத் திருப்பும்போது உள்ளே கண்டென்சரின் தகடுகள் நகர்ந்து இந்தச் சந்திப்புப் புள்ளியைத்தான் நகர்த்துகின்றன.

டையோடு ஒருவழிப் பாதை என்பது புரிகிறது. அதில் சிலிக்கான், ஜெர்மானியம் என்று எதற்கு இரண்டு?

வாசல் திறக்கத் தேவையான அழுத்தம் வேறுபடுகிறது. சிலிக்கான் டையோடு கடத்தத் தொடங்க 0.6 முதல் 0.7 வோல்ட் வேண்டும்; ஜெர்மானியத்துக்கு 0.2 முதல் 0.3 போதும். பவர் சப்ளையில் 1என்4007 போன்ற சிலிக்கான் டையோடு நன்றாக உழைக்கும். பேட்டரியே இல்லாத கிரிஸ்டல் வானொலியில் ஆண்டெனா தரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை அது உள்ளேயே விடாது. அங்கே ஜெர்மானியம் வேண்டும். அதற்கும் முன்னோடியாக, கலீனா என்ற ஈயத் தாதுவின் படிகத்தைக் கொண்டு வானொலி அலைகளைக் கண்டறியும் கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் என்பதை ஒவ்வோர் இந்திய ஹாமும் அறிந்திருக்க வேண்டும்.

டிரான்சிஸ்டர் சிறிய சமிக்ஞையைப் பெரியதாக்குகிறது என்றால், அந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

பவர் சப்ளையிலிருந்து. டிரான்சிஸ்டர் எதையும் உண்டாக்குவதில்லை. மதகைத் திறந்து மூடும் கை போல, சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. 100 வாட் கருவி 276 வாட் எடுப்பதை மேலே பார்த்தோம். அந்தக் கணக்கு இங்கேதான் நேர் ஆகிறது.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களின் வரிசையை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். பிசி547, 2என்3904 என்ற இரண்டு டிரான்சிஸ்டர் வகைகளையும் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், முன்னதில் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பின்னதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்கு மற்றொன்றைத் திருப்பிப் போட்டால்தான் சரியாக அமரும்.

ஆண்டெனா 50 ஓம் என்கிறார்கள். மல்டிமீட்டரில் வைத்தால் ஒன்றும் காட்டவில்லை. நண்பனுடையது ஷார்ட் காட்டுகிறது. இரண்டும் கெட்டுவிட்டதா?

இரண்டும் நன்றாக இருக்கக்கூடும். மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்தில். 50 ஓம் என்பது வேலை செய்யும் அதிர்வெண்ணில். நடுவில் வெட்டிய கம்பியான டைபோல் ஆண்டெனாவின் இரு கைகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதால் மீட்டர் திறந்த சுற்று என்கிறது. மடித்து இணைத்த ஃபோல்டட் டைபோலில் கம்பி முழுச் சுற்றாக இருப்பதால் ஷார்ட் என்கிறது. மின்தடையும் மின்மறுப்பும் சேர்ந்த மொத்தத் தடங்கலே மின்னெதிர்ப்பு. ஆண்டெனாவில் அதன் பெரும்பங்கு, ஆற்றல் அலையாக வெளியேறுவதால் வருவது. அதை அளக்க ஆண்டெனா அனலைசரோ, அனுப்பிய திறனில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை உணர்த்தும் எஸ்டபிள்யூஆர் மீட்டரோ வேண்டும்.

தொலைக்காட்சிக் கேபிளைப் பயன்படுத்தலாமா என்பது இதன் தொடர்ச்சியாக வரும் கேள்வி. அது 75 ஓம். 50 ஓம் டம்மி லோடுக்குப் பதில் 75 ஓம் இருந்தால் எஸ்டபிள்யூஆர் 1.5, திரும்பி வரும் திறன் 4 சதவீதம் மட்டுமே. கையில் நல்ல கேபிள் இருந்தால் தயங்காமல் தொடங்கலாம்.

100 வாட்டிலிருந்து 400 வாட்டுக்குப் போனால் நான்கு மடங்கு பலமாகக் கேட்குமா?

கேட்காது. திறன் எத்தனை மடங்கு மாறுகிறது என்பதைச் சொல்லும் டெசிபெல் என்ற அலகில்தான் இதைச் சிந்திக்க வேண்டும். திறன் இரு மடங்கானால் 3 டெசிபெல். பத்து மடங்கானால் 10. நான்கு மடங்கு என்பது 6 டெசிபெல். எதிர்முனையில் இருப்பவரின் கருவியில் சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் மீட்டரில் ஒரு கோடு, அதாவது ஒரு எஸ் பிரிவு, என்பதும் 6 டெசிபெல்தான். ஆக முள் ஒரே ஒரு கோடு நகரும். 5 வாட்டிலிருந்து 100க்குப் போவதே 13 டெசிபெல், இரண்டு கோட்டுக்குச் சற்று மேல். சிறிய கருவியோடு தொடங்குவதில் தாழ்வு ஒன்றுமில்லை என்று நான் சொல்வது ஆறுதலுக்காக அல்ல, இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அதே சமயம் இழப்பையும் பாருங்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் நீளத்தில், 2 மீட்டர் பட்டையில் ஏறத்தாழ 6 டெசிபெல்லைத் தின்றுவிடும். 50 வாட் கொடுத்தால் ஆண்டெனாவைச் சேர்வது 12 அல்லது 13 வாட். ஆம்ப்ளிஃபயருக்குச் சேர்க்கும் பணத்தை முதலில் கேபிளில் போடுங்கள்.

13.8 வோல்ட்டில் ஓடும் கருவிதானே? பேசும்போது ஆண்டெனாக் கம்பியைத் தொட்டால் என்ன ஆகிவிடும்?

உள்ளே நுழைவது 13.8 வோல்ட், வெளியே வருவது அதுவல்ல. 50 ஓமில் 100 வாட் என்றால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 70.7 வோல்ட், அலையின் உச்சியில் 100. வீட்டு மின்சாரத்திலும் 230 என்பது இதுபோன்ற சராசரி வகை எண்தான், உச்சி 325. டைபோலின் முனைகளிலோ மின்னோட்டம் ஒடுங்கி மின்னழுத்தம் ஏறிப் பல நூறு வோல்ட் ஆகிவிடும். அங்கே தொட்டால் ஷாக் அடித்து விலக்காது. தோலுக்கு அடியில் சுட்டுவிடும், ஆற நாளாகும்.

மின்கம்பிகளுக்கு மேலேயோ கீழேயோ ஆண்டெனாவைக் கட்டவே கூடாது. 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஏறத்தாழ 20 மீட்டர் நீளம் என்பதால் நம் மொட்டை மாடிகளில் அதன் முனைகள் பெரும்பாலும் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தாழ்ந்துவிடும். என் வீட்டில் இரு முனைகளையும் மூங்கில் கழிகளில் தூக்கிக் கட்டி, அந்தப் பக்கம் இருந்த துணிக்கொடியை எதிர் மூலைக்கு மாற்றிய பிறகுதான் முதல் அழைப்பைக் கொடுத்தேன்.